தொட்டியின் வயிற்றில் நான் வளைத்த எழுத்து

அந்தப் புகைப்படத்தைப் பொய்யாக்கியவள் நான்தான். வேறு யாருமில்லை. எழுத்தே இல்லாத ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, திரையில், எழுத்துகளை வளைத்து ஒட்டினேன். பிறகு அந்தத் தொட்டியால் கை விளங்காமல் போன பெண் என் எதிரில் வந்து கேட்டபோதும் பொய் சொன்னேன்.

மரக்காணத்தில் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கல்யாண ஆல்பம், பிளெக்ஸ் பேனர். கணவர் துபாயில். கம்ப்யூட்டரில் படம் திருத்த வேண்டுமென்றால் ஊரே என்னிடம்தான் வரும். அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

ஒரு மதியம் தனசேகர் என்ற கான்ட்ராக்டர் வந்தான். அன்று அண்ணே என்றுதான் அழைத்தேன். இன்று அவனுக்கு மரியாதை கொடுக்க மனமில்லை. உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியைப் பழுது பார்த்து, வெள்ளையடித்து, அதன் வட்டச் சுவரில் திட்டத்தின் பெயரை எழுத வேண்டியது அவன் பொறுப்பு. எதையும் செய்யவில்லை. வேலை முடிந்ததாகக் காட்ட ஒரு படம் மட்டும் வேண்டுமாம். மழை விட்டதும் உண்மையாகவே முடித்துவிடுவேன் என்றான். நம்பினேனா? இல்லை. நம்பியதாக வைத்துக்கொண்டேன்.

தட்டையான எழுத்தை உருண்டையான பொருளின்மேல் அப்படியே வைத்தால், காகிதம் ஒட்டியதுபோல் இளிக்கும். வரியை வளைக்க வேண்டும். தனசேகர் கீழேயிருந்து எடுத்துவந்த படம்; ஆகவே வரி நடுவில் எழும்பி, இரு ஓரங்களிலும் தாழ வேண்டும். ஓரத்துக்குப் போகப்போக எழுத்து ஒடுங்க வேண்டும். வெயில் படாத பக்கத்தில் அதுவும் இருள வேண்டும்.

தொட்டியில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடியது. எழுத்துகள் அதற்குள் இறங்கி ஏறுவதுபோலச் செய்தேன். அவ்வளவு தத்ரூபம்! தனசேகர் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ரிப்பேர் பண்ண டேங்க்ல வெடிப்பு எப்படிம்மா இருக்கும்? அத எடுத்துடு."

எடுத்தேன். பக்கத்துச் சுவரை நகலெடுத்து அதன்மேல் பூசினேன். திரையில் பெரிதாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக... உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அந்த வெடிப்பை என்னைவிட நெருக்கத்தில் பார்த்தவர் யாருமில்லை. அப்போது எனக்குக் கோபம் வந்தது. எதற்கென்று நினைக்கிறீர்கள்? அடியில் தண்ணீர் பிடிக்கிறவர்களை எண்ணியா? என் வேலைப்பாடு வீணாகிறதே என்று!

மழை விட்டது. வேலை நடக்கவில்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தொட்டி மொட்டையாகவே நின்றது. நான் முகத்தைத் திருப்பி உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டு போனேன்.

உப்பு வாரும் பருவத்தில் ஒரு காலை, தொட்டியின் அடியில் குடம் வைத்திருந்த கோவிந்தம்மாளின் தோள்மேல் சிமெண்டுப் பாளம் பெயர்ந்து விழுந்தது. உப்பளத்தில் கூடை சுமந்து பிழைத்தவர். வலது கை அதன்பின் மேலெழவேயில்லை.

குடியிருப்பே திரண்டு மனுவோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனது. அங்கே அதிகாரி என்ன காட்டினார் தெரியுமா? என் படத்தை! பழுது பார்த்தாயிற்று, உப்புக் காற்றில் சாயம் உதிர்ந்திருக்கும், நீங்கள்தான் மேலே ஏறி உடைத்திருப்பீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. தனசேகர்மேல், அந்த அதிகாரிமேல்... என்மேல் மட்டும் கொதிக்கவில்லை. அதுதான் என் ஈனத்தனம்.

பின்னர் ஒருநாள் கோவிந்தம்மாள் கடைக்கு வந்தார். இடக்கையால் அந்தப் படத்தின் நகலை மேசைமேல் விரித்தார்.

"பர்வீனு, நீ இந்த வேலை தெரிஞ்சவ. எங்க டேங்க்ல எழுத்தே கெடயாது. இது கம்ப்யூட்டர்ல பண்ணதுன்னு ஒரு வார்த்த எழுதிக் குடும்மா. நீ சொன்னா கேப்பாங்க."

படத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசி எழுத்து ஓரத்தில் ஒடுங்கித் திரும்பும் இடத்தில் என் கண் போய் நின்றது. ஒரு குறையும் இல்லை. தொங்கிக்கிடந்த அந்தக் கைக்கு எதிரிலேயே, ஒரு கணம், நான் பெருமைப்பட்டேன்... த்தூ!

"பாத்தா நிஜ போட்டோ மாதிரிதான்க்கா இருக்குது."

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "அப்ப எங்க கண்ணுதான் கெட்டுப்போச்சா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, படத்தை மடித்துக்கொண்டு போனார்.

பர்வீனே பார்த்துச் சொல்லிவிட்டாள் என்ற பேச்சு பரவியது. குடியிருப்புக்காரர்கள் மனுவைக் கைவிட்டார்கள். தொட்டியை இடித்தாயிற்று, இப்போது லாரித் தண்ணீர். தனசேகர் வேறோர் ஊரில் வேறொரு தொட்டி கட்டிக்கொண்டிருக்கிறான்.

வெடிப்போடு கூடிய மூலப்படம் இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஏன் அழிக்கவில்லை? ஏன் யாரிடமும் காட்டவில்லை? கடை போய்விடும் என்ற பயம், கணவர் காதுக்கு எட்டிவிடும் என்ற பயம்... எல்லாம் சாக்கு!

நீங்கள் என்மேல் இரக்கப்படாதீர்கள். பாவம், அவளும் என்ன செய்வாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்டால் இன்னும் எரிகிறது. செய்வதற்கு என்ன இருந்ததென்று எனக்குத் தெரியும். அவர் வீடு நடந்து போகிற தூரம்தான். போய் நின்று, அது நான் பண்ணதுதான்க்கா என்று சொன்னால் போதும். போகவில்லை. அதற்குப் பதிலாக உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறேன்.

கோவிந்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது.