திரும்பிப் பார்க்காதவருக்கு ஓர் இசை

பெயரைச் சொல்லி விசாரித்தால் ஸ்டூடியோ வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கே அவரைத் தெரியாது. "திகில் சார்" என்று கேட்டால் மாடிப்படியைக் கை காட்டுவார். கொலை, கடத்தல், போலீஸ் என்று எடுக்கப்படும் சின்னச் சின்னப் படங்களுக்குப் பின்னணி இசை போடுவதுதான் அவருடைய தொழில். பாட்டுக்கென்று அவரைத் தேடி யாரும் வந்ததில்லை. ஆள் நடக்கும்போது, ஜன்னல் அசையும்போது, பிணம் கிடைக்கும்போது அவர் வேண்டும்.

அவர் செய்வது பார்ப்பதற்குச் சின்ன வேலைதான். படத்தில் ஒரு கதவு இருக்கும். வெறும் கதவு. சத்தமில்லாமல் ஓட்டினால், பெயின்ட் உரிந்திருக்கிறதே என்றுதான் தோன்றும். அதன் அடியில் நம்மவர் ஒரு கனத்த, தாழ்ந்த ஸ்வரத்தை மெல்ல எழுப்புவார். அவ்வளவுதான், தியேட்டரில் இருப்பவர்கள் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வார்கள். அதே கதவுக்கு ஒரு புல்லாங்குழலைப் போட்டால், போன மனைவி திரும்பி வரப்போகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். கதவு என்னவோ அதே கதவுதான்.

ஊரையெல்லாம் பயமுறுத்துகிற மனிதர் வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்பார். துடைப்பத்தோடு வந்து அதை அடிப்பது அவர் மனைவிதான். "திகிலுக்கே திகிலா?" என்று அந்த அம்மாள் கேட்காத வாரம் கிடையாது.

அவருக்கு ஓர் அண்ணன். அப்பா சீக்கிரம் போய்விட்டதால், அண்ணன்தான் படிக்க வைத்தார், கீபோர்டு வாங்கிக் கொடுத்தார், பெண் பார்த்தார். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். ஆணி, கீல், தாழ்ப்பாள், குழாய் என்று கூரை வரை பெட்டிகள் அடுக்கியிருக்கும். தம்பி வேலை செய்த படம் எது வந்தாலும் முதல் நாள் மதியக் காட்சிக்குத் தனியாகப் போய்விடுவார். அண்ணி வரமாட்டார், இருட்டில் போய் உட்கார்ந்து காசு கொடுத்து எதற்குப் பயப்பட வேண்டும் என்பது அவர் கட்சி. படம் முடிந்ததும் அண்ணன் போன் செய்வார். "டேய், இன்னைக்கும் பயந்துட்டேன்டா" என்பார். அதைவிடப் பெரிய விமர்சனம் தம்பிக்குத் தேவைப்பட்டதில்லை.

அந்த அண்ணனைத்தான் ஒரு நாள் சாயங்காலம், கடை மூடுகிற நேரத்தில், ஒருவன் கொன்றுவிட்டான். கல்லாவில் இருந்ததை எடுத்துக்கொண்டு போவதற்காக வந்தவன். முன்பின் தெரியாதவன், பகையும் கிடையாது. நம்மவர் ஸ்டூடியோவிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது கடைக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். அண்ணி எதிர்க்கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். கடையிலிருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது, வந்தவன் தெரிந்த முகமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். அண்ணியை அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. நம்மவர் போனார்.

மேஜைமேல் ஒரு பழைய திரை. படம் ஓடியது, சத்தம் இல்லை. அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் நின்று துணியால் தராசைத் துடைக்கிறார். வாசலில் ஒருவன் வருகிறான். எதையோ கேட்கிறான். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மேல் தட்டில் எதையோ தேடுகிறார். முதுகு இந்தப் பக்கம். வந்தவன் கல்லாவைச் சுற்றி உள்ளே வருகிறான்.

சத்தமில்லாத படம் நம்மவருக்குப் புதிதல்ல. எல்லாப் படமும் அவரிடம் அப்படித்தான் வரும். பார்த்துக்கொண்டே எங்கே தொடங்குவது, எங்கே ஏற்றுவது, எங்கே அடிப்பது என்று விரலால் குறித்துக்கொண்டே போவார். அன்றைக்கும், அவன் கல்லாவைச் சுற்றி அடி எடுத்து வைத்த அந்த இடத்தில், அவருடைய சுண்டுவிரல் மேஜை விளிம்பில் அழுந்தியது. தாழ்ந்த ஸ்வரம் தொடங்க வேண்டிய இடம். மிகச் சரியான இடம்.

அதை அவரே பார்த்தார். கையை வெடுக்கென்று இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மீதிப் படத்தைக் கண் பார்த்ததே தவிர, அவர் அங்கே இல்லை. தெரிந்த ஆளா என்று இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கேட்ட பிறகு, இல்லை என்றார். அந்த வாரமே அவனைப் பிடித்துவிட்டார்கள். தாழ்ப்பாள் வேண்டும் என்று கேட்டுத்தான் கடைக்குள் நுழைந்தேன் என்று போலீஸிடம் சொன்னானாம்.

அதற்குப் பிறகு நம்மவர் ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. கீபோர்டின்மேல் போர்வையைப் போட்டு மூடினார். மனைவி எதுவும் கேட்கவில்லை. ராத்திரியில் தூங்காமல் கிடப்பவரிடம் காலையில் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று எப்படிக் கேட்பது? விரல் விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரே ஒரு வேலையை மட்டும் செய்தார். ஒரு மாதம் கழித்து அண்ணி கடையைத் திறந்தபோது, ஷட்டர் கனமாக இருக்கிறதென்று தினமும் காலையில் போய்த் தூக்கிவிட்டு வந்தார்.

அவரோடு அதிகப் படம் செய்த இயக்குநர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்தார். புதுப் படம் முடிந்திருந்தது. அதில் ஆரம்பத்திலேயே ஒரு லாட்ஜ் குமாஸ்தா கொல்லப்படுகிறான். கொலையாளியின் முகத்தைப் பார்த்துவிட்டவன் என்பதைத் தவிர கதையில் அவனுக்கு வேலை இல்லை. அண்ணன் உயிரோடு இருந்தபோதே எடுத்த காட்சி அது. அதை மட்டும் வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன், மீதியை நீங்கள் செய்தால் போதும் என்றார் இயக்குநர்.

நம்மவர் யோசித்துவிட்டு, செய்தால் எல்லாவற்றையும் செய்கிறேன் என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு மனைவி கேட்டதற்கு, வேறொருத்தன் அதைச் செய்வதை நினைத்துப் பார்க்க முடியவில்லை என்று மட்டும் சொன்னார்.

ஸ்டூடியோவில் காட்சியை ஓட்டினார். குமாஸ்தா முதுகைக் காட்டிக்கொண்டு அறைச் சாவிகளை ஒவ்வொன்றாகப் பலகையில் மாட்டுகிறான். பின்னால் வாசலில் நிழல் விழுகிறது. முதலில் பழக்கப்படி வாசித்தார்: தாழ்ந்த தந்திகள், அடியில் இதயத்துடிப்பு போல ஒரு தாளம், வேகம் கூடிக்கூடி வந்து ஒரே அடி. அருமையாகப் பொருந்தியது. திருப்பிப் போட்டுக் கேட்டார். நிழலோடு சேர்ந்து தானும் அந்த ஆளை நோக்கி நடந்துகொண்டிருப்பது போல இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அத்தனை வருஷமாகத் தன்னுடைய இசை யார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. கொல்கிறவனுக்கு ஒரு மெட்டு, துப்பறிகிறவனுக்கு ஒரு மெட்டு. சாகிறவனுக்கு ஓர் அடி மட்டும்.

அடுத்ததாக ஒரு வயலின் வைத்துச் சோகமாக வாசித்துப் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. யாரென்றே தெரியாத ஒருவனுக்காக, அவன் சாவதற்கு முன்பே எல்லோரையும் அழச் சொல்வது போல. அழித்துவிட்டார். மூன்று நாள் வேலை ஓடவில்லை.

நான்காம் நாள் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கிளம்பினவரை அண்ணி கூப்பிட்டார். கல்லா மேஜையைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தம்பி, நீ அந்தப் படத்தப் பாத்தல்ல. ஸ்டேஷன்ல."

பார்த்தேன் என்றார்.

"உங்கண்ணன் பயந்தாரா?"

நம்மவர் மேஜைமேல் போய் வந்துகொண்டிருந்த துணியைப் பார்த்தார்.

"எனக்கு வேற எதுவும் தெரிய வேணாம்" என்றார் அண்ணி. "எப்படி நடந்துச்சுன்னு நான் கேக்கல. படுத்தா இதேதான் வந்து நிக்குது. என்னைக் கூப்பிட்டிருப்பாரோ, பயந்திருப்பாரோன்னு."

நம்மவர் ஸ்டேஷனில் பார்த்த அந்தப் படத்தை மனசுக்குள் மறுபடி ஓட்டினார். இத்தனை நாளும் அதில் அவர் பார்த்தது உள்ளே வந்தவனைத்தான். இப்போதுதான் அண்ணனைப் பார்த்தார். ஸ்டூலில் ஏறி, ஒரு பெட்டியை இழுத்து, அது இல்லையென்று உள்ளே தள்ளிவிட்டு, அடுத்ததை இழுத்தார். நடுவில் காதைச் சொறிந்துகொண்டார்.

"இல்ல அண்ணி. அண்ணனுக்குத் தெரியவே தெரியாது. தாழ்ப்பாள் தேடிக்கிட்டு இருந்தாரு. கடைசி வரைக்கும் தேடிக்கிட்டுதான் இருந்தாரு."

"எந்தத் தட்டுல?"

"மேல் தட்டு. இடது ஓரம்."

அண்ணி நிமிர்ந்து அந்தத் தட்டைப் பார்த்தார். "அங்க கீல்தான் இருக்கும்" என்றார். "தாழ்ப்பாள் எப்பவும் கீழதான். எத்தனை தடவ சொல்லியிருக்கேன், அவருக்கு ஞாபகமே நிக்காது." உதடு கொஞ்சம் சிரிப்பது போல வந்து, அப்படியே உடைந்தது. அண்ணன் போன பிறகு அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டு அழுதார். நம்மவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாசலில் வந்து நின்றுகொண்டு, வந்த வாடிக்கையாளர்களை அப்புறம் வரச் சொன்னார்.

அங்கிருந்து நேரே ஸ்டூடியோவுக்குப் போனார். அந்தக் காட்சியில் யார் பயப்படுகிறார்கள் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பார்ப்பவர்கள் பயப்படுகிறார்கள். குமாஸ்தா பயப்படவில்லை. அவனுக்கு அது வேலை முடிகிற நேரம். கால் வலிக்கும், வீட்டுக்குப் போகிற நினைப்பு இருக்கும். அந்த மனிதனுக்காக ஒரு சின்ன மெட்டு போட்டார். வேலை செய்கிறவன் வாய்க்குள் முனகிக்கொள்கிற மாதிரி, அவசரமில்லாத, கொஞ்சம் அசட்டுத்தனமான மெட்டு. ஒற்றைப் பியானோ. நிழல் விழுகிற இடத்தில் அது மாறவில்லை, அதற்குத் தெரியாது. கத்தி வருகிற இடத்திலும் மாறவில்லை. ஆள் விழுந்த பிறகு, தொடங்கிய வரியை அமைதியாக முடித்துவிட்டு நின்றது.

இயக்குநர் கேட்டுவிட்டு வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். காமெடி சீன் போல ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார்.

"பாக்கறவனுக்கு என்ன நடக்கப்போவுதுன்னு தெரிய வேணாமா திகில்?"

"செத்தவனுக்குத் தெரியலயே சார்."

இயக்குநர் அதற்குமேல் வாதாடவில்லை. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். இந்தத் தடவை திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். சரி, வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

படம் வெளியான மறுநாள், எதிர்பாராத ஒன்று நடந்தது. குமாஸ்தா காட்சியைப் பற்றி நம்மவரின் மனைவி சொல்லக் கேட்டு, அதைத் தான் பார்க்க வேண்டும் என்றார் அண்ணி. வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. மதியக் காட்சிக்கு அண்ணி நடுவில், இந்தப் பக்கம் நம்மவர், அந்தப் பக்கம் நம்மவரின் மனைவி.

காட்சி வந்தது. குமாஸ்தா சாவி மாட்டத் தொடங்கினான். பியானோ வந்தது. கூடவே, நிழல் விழுந்தபோது, அடியிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. தாழ்ந்த, கனத்த, பழகிய அதே உறுமல். அவர் வாசிக்காதது. ஒலிக்கலவையில் யாரோ சேர்த்திருக்கிறார்கள். முன்வரிசையில் ஒருவன் காலை மடக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டான். நம்மவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து வெளியே போய் இயக்குநருக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் அண்ணியின் கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததால் எழுந்திருக்கவில்லை.

காட்சி முடிந்ததும் அண்ணி வெளியே போகலாம் என்றார். மீதிப் படத்தைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை. தியேட்டர் வாசலில் வெயிலில் கண் கூசியது. தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "அந்தப் பாட்டு அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சுல்ல தம்பி" என்றார். "அவன் சாவி மாட்டிக்கிட்டே இருந்தான்ல."

"ஆமா அண்ணி."

"சரி" என்றார். உறுமல் அவர் காதில் விழவே இல்லை என்று நம்மவருக்குத் தெரிந்தது. அதைப் பற்றி அவரிடம் இன்று வரை பேசியதில்லை.

இயக்குநரிடம் கேட்டார். சத்தம் போடவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டார். தயாரிப்பாளர்மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம், இயக்குநர் அப்படிச் செய்யவில்லை. கடைசி நேரத்தில் தைரியம் போய்விட்டது, ஜனங்கள் சிரித்துவிடுவார்கள் என்று பயந்துவிட்டேன், உங்களிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது என்றார். இருவரும் கொஞ்ச காலம் பேசிக்கொள்ளவில்லை. படமும் பெரிதாக ஓடவில்லை. ஒரு பத்திரிகை அந்தக் காட்சியைக் குறிப்பிட்டு, இசை எங்கே போகிறதென்று தெரியாமல் போகிறது என்று எழுதியிருந்தது.

மழைக்காலத்தில் இயக்குநர் போன் செய்தார். படம் தொலைக்காட்சியில் வரப்போகிறது, அதற்காக ஒலிக்கலவையை மறுபடி செய்தோம், அந்த உறுமலை எடுத்துவிட்டேன் என்றார். யாரும் கேட்காமலே எடுத்திருக்கிறார். நம்மவர் அடுத்த படம் என்ன கதை என்று கேட்டார். இயக்குநர் சொல்லத் தொடங்கினார். அதில் மூன்று கொலை. சாகிறவர்கள் மூன்று பேரும் என்ன வேலை செய்கிறார்கள் என்று நம்மவர் கேட்டார். ஒருத்தி தையல்காரி, மற்ற இரண்டு பேரைப் பற்றித் தான் இன்னும் யோசிக்கவில்லை என்றார் இயக்குநர். யோசித்துவிட்டுக் கூப்பிடுங்கள், காத்திருக்கிறேன் என்றார் இவர்.