ஓடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்ட மோட்டார்

"நீ சாப்ட்டு கை கழுவிட்டு வர்றதுக்குள்ள கம்ப்யூட்டரே மோட்டார் டிசைன் பண்ணிடும்னா, நாங்கள்லாம் இன்னாத்துக்கும்மா?"

போன கோடையில், வில்லியனூர் பக்கம் நான் வேலை பார்க்கும் பம்பு மோட்டார் கம்பெனியில், எங்கள் டிசைன் மேனேஜர் இப்படிக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சிரிப்புக்கெல்லாம் அசைந்திருந்தால் அந்த டிசைனர் நாற்காலிவரை வந்திருக்க மாட்டேன்.

மோட்டாரைக் கம்ப்யூட்டரில் வரைந்து, ஓட்டிப் பார்த்து, ஓர் அளவை மாற்றி மறுபடி வரைவோம். நாள் முழுக்க இதே வேலைதான். அதைத் தானாகச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட், சின்ன புரோகிராம், எழுதினேன். அளவுகளை அதுவே மாற்றி, அதுவே ஓட்டிப் பார்த்து, எது தேறியது என்று சொல்லிவிடும். யாரும் கேட்காத ஒன்றையும் அதில் சேர்த்தேன்: குறைந்த வோல்டேஜ். நான் செலியமேட்டுக்காரி. த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் ஊரே ஒன்றாக மோட்டார் போடும், வோல்டேஜ் படுத்துவிடும். அப்பாவின் மோட்டாரில் செம்புக் கம்பிக் காயில் கருகியதெல்லாம் அப்படித்தான்.

மேனேஜர் தேர்ந்தெடுத்திருந்த டிசைன் அந்த வோல்டேஜில் கிளம்பாது என்றது ஸ்கிரிப்ட். சாம்பிள் மோட்டார் தயாராக இருந்தது. அன்று மாலை, மோட்டார் தகடுகளை வெட்டும் அச்சு செய்ய ஆர்டர் போக வேண்டும். போனால் அதே டிசைன்தான் ஊர் ஊராக வயலுக்குப் போகும்.

"ஒரு தடவை வோல்டேஜைக் குறைச்சு டெஸ்ட் பண்ணலாம் சார்."

"ஓடிடுச்சுன்னா?"

"ஸ்கிரிப்டைத் தூக்கிடறேன் சார்."

சொன்ன பிறகுதான் என்ன பந்தயம் கட்டினேன் என்று உறைத்தது.

பம்பு இழுக்கிற அளவுக்கு மோட்டாருக்குப் பாரம் கொடுத்து, டெஸ்டிங் அண்ணன் வோல்டேஜைக் குறைத்து சுவிட்சைப் போட்டார். சட்டென்று ஓடியது. நிறுத்தி இன்னும் குறைத்தார். அப்போதும் ஓடியது.

"இன்னாம்மா, உன் ஸ்கிரிப்ட்டு இன்னிக்கி லீவா?" என்றார் மேனேஜர்.

கம்ப்யூட்டரில் பார்த்த முடிவை நிஜ இரும்பில் நான் அதுவரை பார்த்ததே இல்லை. எங்காவது கணக்கு பிசகியிருந்தால்?

"இன்னும் குறைங்கண்ணா. எங்க ஊர் வோல்டேஜ் இது இல்ல."

சுவிட்ச் விழுந்தது. மோட்டார் முனகியது. சுற்ற வேண்டிய ஷாஃப்ட் நகரவில்லை. அப்பாவின் மோட்டார் கொட்டகையில் கேட்ட அதே முனகல். காயில்மேல் பூசிய வார்னிஷ் கருகும் வாசனை எழுந்தது.

"சார், காயில் போயிடும், ஆஃப் பண்ணட்டா?" என்றார் டெஸ்டிங் அண்ணன்.

"இருப்பா... இரு..." மேனேஜர் ஷாஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது சுற்ற வேண்டும், எனக்குச் சுற்றக் கூடாது.

"ஆஃப் பண்ணுங்கண்ணா!" கடைசியில் நான்தான் கத்தினேன்.

மேனேஜர் மோட்டார்மேல் கை வைத்து வெடுக்கென எடுத்தார். பிறகு, "ஆர்டரை நிறுத்துங்க" என்றவர், என் பக்கம் திரும்பி, "எது ஓடும்னு உன் ஸ்கிரிப்ட்டையே கேளு" என்றார்.

ஸ்கிரிப்ட் தேறியது என்று காட்டிய டிசைனில் இன்னொரு சாம்பிள் செய்தோம். அதே வோல்டேஜில் அதுவும் ஒரு நொடி முனகி, என் உயிரை எடுத்துவிட்டுத்தான் சுற்றியது.

இப்போதும் ஒரு முடிவு திரையில் வரும்போது அந்தக் கருகல் வாசனை நினைவுக்கு வருகிறது; இரும்பில் பார்க்காமல் எதையும் நான் நம்புவதில்லை. போன வாரம் அப்பாவின் மோட்டார் கொட்டகையில் வோல்டேஜைப் பதிவு செய்யும் மீட்டர் ஒன்றை மாட்டிவிட்டு வந்தேன். எங்கள் ஊர் வோல்டேஜ் இனி என் ஊகம் இல்லை, அளந்தபடியே ஸ்கிரிப்டுக்குள் போகிறது.