‘ரெண்டு நிமிசம்’ ஒருக்காத்தான்

களவு விளையாடியது நீ. ஆனால் ஊர் உலகமெல்லாம் பார்த்துச் சிரித்தது என் முகத்தை. இதை எழுதி வைக்காமல் நான் சாகப்போவதில்லை.

உன் பெயரை எழுத மாட்டேன். தேவையுமில்லை. ஸ்காபரோவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் பாதிப்பேர் உன் முகத்தில் சாய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வீடு வாங்க, வீடு விற்க என்று பஸ் தரிப்பு வாங்கின் சாய்மானத்தில் ஒட்டிய விளம்பரத்தில் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு இருக்கிறாய். உன் முகத்தைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை. அதுவும் எனக்கு ஒரு கோபம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மல்வேர்னில் ஒரு பேஸ்மென்டில் ஏழு பேர் இருந்தோம். நீயும் நானும் அதில் இருவர். பாத்ரூம் ஒன்று. காலையில் தொழிற்சாலைப் பக்கம் போகிற பஸ் அரை மணித்தியாலத்துக்கு ஒன்று. அதை விட்டால் வேலைக்குப் பிந்தித்தான் போகவேண்டும். வாசலில் நின்று கதவைத் தட்டுவோம். உள்ளேயிருந்து “ரெண்டு நிமிசம்” என்று குரல் வரும். ஆறு பேருக்கு இரண்டு நிமிடம் என்றால் இரண்டு நிமிடம்தான், கூடினால் ஐந்து. உனக்கு மட்டும் அது ஒரு ஆயுள். இரண்டாம் தரம் தட்டினாலும் “ரெண்டு நிமிசம்” என்பாய், மூன்றாம் தரம் தட்டினாலும் அதையே சொல்வாய். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் உன்னால் எத்தனை பஸ் விட்டேன் என்று எனக்கு எண்ணத் தெரியாது. கடைசியில் நீ பவுடர் வாசத்தோடு வெளியே வந்து, “ஏன்ரா இன்னும் போகேல்லை?” என்று கேட்பாய்.

அந்த ஆத்திரத்தில்தான் விளையாட்டைச் செய்தேன். பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டையை வெட்டி, எங்கள் பேஸ்மென்டை அதில் பேனையால் கீறினேன். கட்டில், அடுப்பு, பாத்ரூம், படிக்கட்டு, பஸ் தரிப்பு. காய்களுக்கு ஒவ்வொருவனும் தன் கோட்டிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்துக் கொடுத்தான். அந்தக் குளிர் முடியும்வரை எங்கள் ஏழு பேரின் கோட்டிலும் ஒரு பொத்தான் குறைவு. காலைச் சாப்பாட்டுப் பெட்டிகளை வெட்டிச் சீட்டு எழுதினேன். ‘ஊரிலிருந்து ரெலிபோன்: ஒரு சுற்று நில்.’ ‘கையுறையில் ஒன்றைக் காணவில்லை: கட்டிலுக்குத் திரும்பு.’ ‘உன் சப்பாத்தை வேறொருவன் போட்டுக்கொண்டு போய்விட்டான்: படியில் இரு.’ குளித்து, சாப்பிட்டு, பஸ்ஸில் ஏறுகிற முதலாள் வென்றவன். பெயர் ‘பஸ் போகுது’.

பாத்ரூமுக்குள் ஒருவன்தான் இருக்கலாம். வெளியே நிற்கிறவன் மூன்று தரம் தட்டினால் உள்ளே இருப்பவன் வெளியே வரவேண்டும். ஆனால் அவன் இரண்டு விரலைத் தூக்கி “ரெண்டு நிமிசம்” என்று சொல்லி, இன்னும் இரண்டு சுற்று உள்ளேயே இருக்கலாம். அப்படிச் சொன்னால் தன் துவாயை மட்டையில் வைக்கவேண்டும். துவாய் என்பது என் பழைய சாரத் துணியில் வெட்டிய சின்னத் துண்டு. ஆளுக்கு ஒன்று. ஒன்று ஏன் என்றால், ஒரு ஆட்டத்தில் ஒருக்காத்தான் அப்படிச் சொல்லலாம். அந்த விதி யாருக்காகச் செய்தது என்று உனக்கே தெரியும்.

நான் விட்ட பிழை ஒன்று. விதிகளை எழுதி வைக்கவில்லை. ஒரே பாத்ரூமுக்கு முன்னால் நின்ற ஏழு பேருக்கு எதை எழுதிக் கொடுப்பது?

பிறகு ஆளாளுக்குக் கலியாணம் முடிந்து பிரிந்து போனோம். நான் மட்டையை விட்டுப் பலகையில் கீறினேன், வர்ணம் பூசினேன். எங்கள் கொண்டாட்டங்களுக்கு அது நல்ல சாமான். பகல் பன்னிரண்டுக்கு வரச்சொல்லி அழைப்பிதழில் போடுவார்கள். சொன்ன நேரத்துக்குப் போகிற விசரன் நான் ஒருவன்தான். கேக் வெட்ட மூன்று மணியாகும். அதுவரை மட்டன் ரோல்ஸ் தட்டு சுற்றிவர, மண்டபத்தின் பின்மேசையில் ‘பஸ் போகுது’ ஓடும்.

உன் மகனின் முதலாவது பிறந்தநாள், அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபம். நீ கோட் சூட்டோடு, விருந்தாளிகளை விட்டுவிட்டு என்னோடு விளையாட வந்தாய். நான் பாத்ரூம் வாசலில். நீ உள்ளே. உன் துவாய் ஏற்கெனவே பலகையில் கிடந்தது. நான் மூன்று தரம் மேசையில் தட்டினேன். நீ இரண்டு விரலைத் தூக்கினாய்.

“ரெண்டு நிமிசம் மச்சான்.”

“உது ஒருக்காத்தான் சொல்லலாம்.”

“ஆர் சொன்னது?”

“நான் சொன்னது. விளையாட்டைச் செய்தவன் நான்.”

“எங்கை எழுதிக் கிடக்கு? காட்டு பாப்பம்.”

அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் பெரிய விளக்கோடு மேசைக்கு வந்தார். நீ உடனே கமெராவுக்குப் பல்லைக் காட்டினாய். தொழில் அப்படி. நான் என்ன சொல்லிக் கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

வீடியோ கொப்பி எங்கள் வீட்டுக்கு வர மூன்று மாதம் ஆனது. குழந்தை வருகிறது, கேக் வருகிறது, ஆட்கள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு கையால் முகத்தை மறைக்கிறார்கள். திடீரென்று நான். வாய் குகை மாதிரி, கண் இரண்டும் வெளியே, கழுத்து நரம்பு கயிறு மாதிரி. படம் அப்படியே நிற்கிறது. சுற்றிவர ரோசாப்பூவில் ஒரு இதயம் விரிகிறது. இரண்டு வெள்ளைப் புறா என் மூக்குக்குக் குறுக்கே பறக்கிறது. பிறந்தநாள் குழந்தைக்கென்று வைத்திருந்த வேலைப்பாட்டை அந்த மனுசன் எனக்குப் போட்டுவிட்டார். கேட்டதற்கு, “அண்ணை, உங்கடை முகத்திலை உணர்ச்சி இருந்தது” என்றார்.

அதோடு முடிந்திருக்கும். என் அக்காவின் மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் கம்பியூட்டர் படித்தாள். இன்டர்நெட்டில் தனக்கென்று ஒரு பக்கம் வைத்திருந்தாள். வீடியோவிலிருந்து படம் எடுக்கிற ஒரு சாமான் அவளிடம் இருந்தது. ரோசாப்பூவும் புறாவுமாக என் முகத்தை எடுத்து, கீழே ஒரு வரி எழுதிப் போட்டாள்: ‘மட்டன் ரோல்ஸ் முடிஞ்சுதாம்.’

இப்போது இதற்கு மீம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது பெயர் இல்லை, நான்தான் இருந்தேன்.

எனக்கு விசயம் தெரிய வந்தது கோயிலில். சப்பாத்துத் தட்டுக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “தம்பி, ரோல்ஸ் கிடைச்சுதோ?” என்று கேட்டார். பைத்தியமாக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த கிழமை நோர்வேயிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி ரெலிபோன் எடுத்தான். அவன் வேலைத்தலத்தில் என்னை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறதாம். அவனுக்கு வந்த படத்தில் வரி மாறியிருந்தது: ‘இன்னும் பனி கொட்டுமாம்.’ லண்டனில் ‘மாமியாருக்கு விசா கிடைச்சுதாம்.’ பாரிசில் வேறு ஏதோ. வரிதான் மாறியது. முகம் ஒன்றுதான்.

அக்காவின் மகளிடம் போனேன். திறந்து காட்டினாள். அந்த நாளில் படம் மேலிருந்து கீழே கோடு கோடாகத்தான் வரும். முதலில் ரோசாப்பூ, பிறகு என் தலைமயிர், பிறகு புருவம். வாய் வருமுன்னரே அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

“மாமா, உங்களை இப்ப அவுஸ்திரேலியாவிலையும் தெரியும்.”

“என்னெண்டு தெரியும்?”

“ரோல்ஸ் அங்கிள் எண்டு.”

அவள் படத்தை வெட்டியபோது பலகையும் உன் கையும் வெளியே போய்விட்டது. இரண்டு விரலும் போய்விட்டது. மிஞ்சியது காரணமில்லாமல் கத்துகிற ஒரு சாப்பாட்டுராமன். இவர் ‘பஸ் போகுது’ விளையாட்டைக் கண்டுபிடித்தவர் என்று கீழே எழுதச் சொன்னேன். எழுதினாள், எறும்பு அளவில். ஒருவரும் வாசிக்கவில்லை.

சரி, சிரிக்கிறவன் சிரிக்கட்டும், முகத்தையாவது வேலைக்கு விடுவோம் என்று நினைத்தேன். கோடையில் பூங்காவில் எங்கள் ஆட்களின் ஒன்றுகூடல் நடந்தது. மரத்துக்குக் கீழே மேசையைப் போட்டேன். பலகையை வைத்தேன். அந்தப் படத்தைப் பெரிதாக ஒட்டினேன். வரிசை ரோல்ஸ் தட்டுக்கு நின்றதைவிட நீளம். “அங்கிள், ஒருக்கா அந்த முகத்தைக் காட்டுங்கோ” என்று பிள்ளைகள் முதல் கிழவர்வரை கேட்டார்கள். ஒரு ஆட்டம் விளையாடினால் காட்டுகிறேன் என்றேன். விளையாடினார்கள். காட்டினேன். பின்னேரம் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் எத்தனையோ வீட்டுக்கு நான் செய்த பலகை போனது. பெட்டி மூடியில் என் முகம், ரோசாப்பூவோடு. அந்தக் கோடை முழுக்க நான் கோபப்படவில்லை. என் மனைவி சாட்சி.

மாரிக் குளிர் தொடங்க ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். முன்னறையில் நாலு பேர் என் விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு நிறைந்தது. நிறைந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, பாத்ரூமில் இருந்தவர் இரண்டு விரலைத் தூக்கினார். பிறகும் தூக்கினார். மூன்றாம் தரமும் தூக்கினார். வெளியே நின்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் மெதுவாகத்தான் சொன்னேன், உது ஒருக்காத்தான் என்று.

“இல்லை அங்கிள், எத்தினை தரமும் சொல்லலாம். வீடு விக்கிற அண்ணை சொன்னவர். அவர் அந்த பேஸ்மென்டிலேயே இருந்தவராம்.”

“செய்தது நான்.”

“நீங்கள் ரோல்ஸ் அங்கிள் எல்லோ?”

வீடு வாங்க வந்த சனத்துக்கெல்லாம் உன் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். அந்தச் சட்டத்தில் ஒருவனும் குளித்து முடியமாட்டான், ஒருவனும் பஸ்ஸில் ஏறமாட்டான், ஆட்டம் முடியாது. முடியாத ஆட்டத்தை யார் திரும்ப எடுப்பார்கள்? அன்று அந்த நாலு பேரும் பாதியில் பலகையை மடித்துச் சோபாவுக்குக் கீழே தள்ளியதை நான் பார்த்தேன். மூடியில் என் முகம் மேலே பார்த்தபடி கிடந்தது. முகத்தைப் பார்த்துச் சிரித்தது எனக்குப் பொருட்டில்லை. விதி யாருடையதோ விளையாட்டும் அவனுடையது. அதைத்தான் நீ எடுத்தாய்.

உனக்கு ரெலிபோன் எடுத்தேன். “மச்சான், ஒரு ஆளுக்கு வீடு காட்டிக்கொண்டு நிக்கிறன், ரெண்டு நிமிசத்திலை எடுக்கிறன்” என்றாய். நான் இன்னும் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

சாட்சி வேண்டுமென்றால் வீடியோவில் இருக்கிறது. படம் நிற்கிறதற்கு முன்னால் உன் கையும் துவாயும் தெளிவாகத் தெரியும். ஆனால் எங்கள் கொப்பி வீடு வீடாக இரவல் போய், திரும்பி வரும்போது அதன் மேல் யாரோ தேர்த்திருவிழா பதிந்திருந்தார்கள். முதல் சில விநாடி உன் மகனின் கேக், பிறகு முழுக்கத் தேர். மூலக் கொப்பி உன்னிடம்தான். ஒளித்துவைத்திருக்கிறாய் என்று சொல்லவில்லை. நினைக்கிறேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. அதற்குப் பிறகு செய்த பலகைகளில் புதிதாக ஒரு சீட்டு உண்டு. ‘வீடு விற்பவர் கதவைத் தட்டுகிறார்: மூன்று சுற்று நில்.’ பல்லை நானே கீறினேன். முப்பத்திரண்டும் இருக்கிறது, எண்ணிப்பார். விதிகளையும் எழுதி உள்ளே வைத்தேன். முதல் விதி எதுவென்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி உன் முறை. ஒவ்வொரு கிழமையும் தமிழ்க்கடை வாசலில் அடுக்கியிருக்கிற இலவச வாரப் பத்திரிகையில் உன் முகம் அரைப்பக்கம் வருகிறது. வருகிற கிழமை அந்தப் பல்லுக்குக் கீழே, எல்லோரும் வாசிக்கிற அளவு எழுத்தில், பதில் போடு. அன்றைக்கு நீ விரலைத் தூக்கும்போது உன் துவாய் பலகையில் கிடந்ததா, இல்லையா? ஓம், அல்லது இல்லை. ஒரு சொல் போதும். ரெண்டு நிமிசம் கேட்காதே. உன்னுடையது முடிந்துவிட்டது.