வாய்க்குள் வளர்ந்த முடி

ஆயத்த ஆடைக் கடையின் பின்பக்கம், உடுத்திப் பார்க்கும் அறைகளுக்கும் சரக்கு அடுக்குகளுக்கும் நடுவே, ஒரு தையல் மெஷினும் ஒரு ஸ்டூலும் மட்டும் கொள்ளும் இடத்தில் முப்பது வருடமாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பேன்ட் தரையைக் கூட்டுகிறதா, இடுப்பு தொளதொளவென்று நிற்கிறதா, எல்லாம் அவரிடம்தான் வரும். பத்து நிமிஷம் என்பார். சொன்னபடி பத்து நிமிடத்தில் கையில் கொடுப்பார். நூலை அறுக்கக் கத்தரிக்கோலைத் தேடும் வழக்கம் அவருக்குக் கிடையாது. பல் பின்னே எதற்கு இருக்கிறது?

அந்தப் பல்லே வினையாக வந்தது. இடதுபக்கத்துப் பல் ஒன்று சில்லு பெயர்ந்து, கன்னத்தின் உட்புறத்தை வருடக்கணக்கில் உரசிக்கொண்டே இருந்தது. புண் வந்தது, ஆறியது, மறுபடி வந்தது, பிறகு ஆறவே இல்லை. கடைசியில் புற்று என்றார்கள். பார்க்க வந்த எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி, புகையிலை போடுவீங்களா என்று. வாழ்நாளில் தொட்டதில்லை என்றார். யாரும் நம்பவில்லை. மனைவியின் தம்பி பக்கத்தில் குனிந்து, "எங்கிட்ட கூடவா மறைக்கணும் மாமா?" என்றான்.

கன்னத்தின் உட்பக்கத்தை வெட்டியெடுத்துவிட்டு, மார்பிலிருந்து தோலையும் சதையையும் கொண்டுவந்து ஒட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று மாஸ்டர் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"தையல் நல்லாத்தான் போட்டிருக்கார். துணிதான் வேற," என்றார். பேச்சு குழறியது. இருந்தாலும் மனைவிக்குப் புரிந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

வேலைக்குத் திரும்பினார். ஒருநாள் மதியம் மெஷினில் குனிந்திருந்தபோது நாக்கில் நூல் ஒன்று தட்டுப்பட்டது. இரண்டு விரலை விட்டு இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். உள்கன்னமே சேர்ந்து வந்தது. உடுத்திப் பார்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துப் பார்த்தார். ஒட்டுப் போட்ட இடம் முழுக்க முடி. பாதி கறுப்பு, பாதி நரை, சுருள் சுருளாக. சட்டையைக் கழற்றினால் மார்பில் தெரியும் அதே முடி.

அறுவை செய்த டாக்டர் பதறவில்லை. "மார்புத் தோலை வாய்க்குள்ள வெச்சாலும் அது மார்புத் தோலாத்தானே இருக்கும். அப்பப்ப கத்தரிச்சு விடுங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மனைவி கத்தரித்துவிட்டாள். நுனி வளைந்த குட்டிக் கத்தரிக்கோல். அறுவைக்குப் பிறகு அவர் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. அந்தச் சந்துக்குள் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை விடுவாள். மூன்றே நாளில் கட்டைமுடி குத்த ஆரம்பித்து நாக்கு ரணமாகும். விட்டுவைத்தாலோ பாலும் கஞ்சியும் அதில் தங்கி நாற்றமெடுக்கும். வாடிக்கையாளர்கள் வந்தால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார். வீட்டில் சமையலறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். கூப்பிட்டுப் பார்த்து அலுத்துப்போய் மனைவியும் விட்டுவிட்டாள்.

ஒரே மகள். பாப்பா என்றுதான் இன்னும் பெயர். ஒரு தோல் கிளினிக்கின் வரவேற்பில் வேலை. கையிலும் காலிலும் முடி எடுக்க வருகிறவர்களுக்கு லேசர் எப்படி, எலெக்ட்ராலிசிஸ் எப்படி என்று தினமும் நாற்பது முறை சொல்கிற வேலை. அந்தப் பாடம் தன் அப்பாவின் வாய்க்கு உதவும் என்று தோன்ற அவளுக்கே ஒரு வருடம் ஆயிற்று.

"லேசர்னா சுளுவுப்பா. ஆறு தடவ, ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம்."

அவரை அழைத்துப்போனாள். காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் இளம்பெண்கள். நடுவில் கைக்குட்டையால் வாயை மூடியபடி மாஸ்டர். லேசர் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"லேசருக்குக் கறுப்பு முடிதான் கண்ணுக்குத் தெரியும். நரைச்ச முடி அப்படியே நிக்கும். அதுவும் இல்லாம, இந்த மெஷினோட முனையே உங்க வாய்க்குள்ள நுழையாது. சின்ன முனை வரவழைக்கலாம், ஆனா பாதிதான் போகும். பரவால்லையா?"

பாதி போனால் மீதி குத்தாதா என்று மாஸ்டர் கேட்டார். டாக்டர் விளக்கை அணைத்தார்.

அடுத்தது எலெக்ட்ராலிசிஸ் என்கிற ஊசி. மருந்துக் கடைக்கு மேல் மாடியில், ஒரு கட்டிலும் வட்டமான பூதக்கண்ணாடி விளக்கும் வைத்து, ஒரு அம்மா இருபது வருடமாக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முடியின் வேரிலும் மெல்லிய ஊசியை இறக்கி மின்சாரம் விட வேண்டும். கறுப்பு, நரை என்ற பேதம் அதற்கு இல்லை.

"வாய்க்குள்ள நான் பண்ணினதே இல்ல மாஸ்டர். பொய் சொல்ல மாட்டேன்," என்றார் அந்த அம்மா. "ஒவ்வொண்ணா எடுக்கணும். உங்களால பத்து நிமிஷம்தான் வாயத் திறந்து வெச்சுக்க முடியும். அஞ்சு, ஆறு முடி. வாரம் ஒருதரம்னாலும் ரெண்டு வருஷம் ஆயிடும்."

படி இறங்கும்போது பாப்பா லேசரே போதும் என்றாள். பாதி போனாலும் லாபம்தானே என்றாள். மாஸ்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஊசின்னா எனக்குத் தெரியும். நின்னு நிதானமா வேலை செய்யும்."

ஊசி போடலாம் என்று அறுவை செய்த டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்து உட்கார்ந்தார். ஒட்டுப் போட்ட தோலில் உணர்ச்சி இல்லாததால் வலி தெரியவில்லை. தாடை வலிதான் உயிரை எடுத்தது. எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். பஞ்சு வைத்து ஒற்றுவதிலேயே பாதி நேரம் போய்விடும். அந்த அம்மா எடுத்த முடியை ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துக் காட்டுவார். மாஸ்டர் எண்ணிக்கொள்வார். பதினோரு வாரத்தில் அறுபத்து நாலு. நாக்கால் தடவினால் ஒரு பக்கம், கட்டைவிரல் நகம் அளவுக்கு, வழவழவென்று இருந்தது. வாழ்க்கையில் எதையோ ஜெயித்த மாதிரி மனைவியிடம் அதைச் சொன்னார்.

பன்னிரண்டாவது வாரம் அந்த அம்மா விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஊசியைக் கையில் எடுக்கவே இல்லை.

"இன்னிக்கு வேண்டாம் மாஸ்டர்."

"ஏம்மா?"

"ஒட்டு முடியற ஓரத்துல வெள்ளையா ஒண்ணு இருக்கு. நான் டாக்டர் இல்ல. ஆனா போன வாரம் இது இல்ல. நாளைக்கே போய்க் காட்டுங்க."

அவர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். சரி என்றார்.

புற்று திரும்பியிருந்தது. தாடை எலும்புக்குள்ளும் இறங்கியிருந்தது. இனி வெட்ட இடமில்லை என்றும் கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். பார்க்கலாம் என்ற சொல்லைச் சொல்லும்போது மாஸ்டரின் மனைவி முகத்தை டாக்டர் பார்க்கவில்லை.

கதிர்வீச்சின் மூன்றாவது வாரத்தில், வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரில் முடி வந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். வாரம் முடிவதற்குள் கறுப்பும் நரையுமாக ஒன்றுகூட மிச்சமில்லாமல் உதிர்ந்துபோயிற்று. மாஸ்டர் தொட்டிமுன் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி குழாயைத் திறந்துவிட்டாள். வாய் முழுக்க வெந்துபோயிருந்ததால் அவரால் அப்போது எதையும் விழுங்க முடியவில்லை. கஞ்சி இறக்க மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள்.

வேலை முடிந்து வரும்போதெல்லாம் பாப்பா அவர் கட்டிலருகில் உட்காருவாள். தான் சொன்னபடி லேசருக்கே போயிருந்தால் என்று அவள் நினைக்காமல் இல்லை. போயிருந்தால், பூதக்கண்ணாடி வைத்து அந்த வெள்ளையைப் பார்க்க ஆள் இருந்திருக்காது. ஊசி அம்மா பார்த்தும் என்ன ஆகிவிட்டது? எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

ஒருநாள் மாலை ஊசி அம்மா வீட்டுக்கே வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் அந்தப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். மாஸ்டர் விரலால் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டிருந்தது. மனைவிதான் குனிந்து கேட்டுச் சொன்னாள்.

"நீங்க எடுத்த அறுபத்து நாலுல ஒண்ணுகூடத் திரும்ப முளைக்கலையாம். அத உங்ககிட்ட சொல்லச் சொல்றார்."

"முளைக்காது மாஸ்டர்," என்றார் அந்த அம்மா. "வேரோட எடுத்தது."

பழப்பையை மனைவி வாங்கி அலமாரியில் வைத்தாள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே மாஸ்டர் போய்ச்சேர்ந்தார்.