கடிதமும் சேர்த்து

ஊர்காவற்றுறையில் காணிப் பத்திரங்கள் எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோர். கணினியில் இருந்த பெண்மணிக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். எதையும் அழுத்துமுன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு முட்டுமளவு திரையில் குனிந்து வாசிப்பார்.

சரவணைக் கிராமத்துக் காணியில் தன் பங்கை எங்கள் தங்கைக்கு எழுதச்சொல்லிக் கனடாவிலிருந்து அண்ணை மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அதைக் கோப்பில் ஏற்றவேண்டும். கடிதத்தோடா, இணைப்பு மட்டுமா என்று திரை கேட்டது. வெளியே காரைநகர்ப் படகு உறுமியது. கதிரையில் இருப்புக்கொள்ளாமல் எழுந்துவிட்டேன்.

“இணைப்பை மட்டும் ஏத்துங்கோ அக்கா. படகுக்கு நேரமாகுது.”

“இணைப்பிலை பழைய காணி உறுதிதான் கிடக்கு. தங்கச்சிக்குக் குடுக்கிறன் எண்டது கடிதத்திலை எல்லோ இருக்கு? அது இல்லாட்டி அவவுக்குக் காணி ஏது?”

குனிந்து வாசித்தார். ‘தம்பியை நம்பேலாது, அதுதான் எழுத்திலை தாறன்’ என்ற வரிக்கு வந்ததும் கண்ணாடியை இறக்கினார்.

“இதுக்கோ அந்தரப்பட்டனீர்? ஒரு வரியை மட்டும் விட்டிட்டு ஏத்த இதிலை வழியில்லைத் தம்பி.”

கடிதத்தோடு ஏற்றினார். தங்கைக்குக் காணி கிடைத்தது. அந்த வரியை அவர் எவரிடமும் சொல்லியிருக்கமாட்டார். ஆனாலும் இன்றும் பஸ் அந்தக் கந்தோரைக் கடக்கையில் நான் மறுபக்க யன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.