ஆறு மணித் தவளை

நிறுத்தி வைத்திருக்கும் எந்த வண்டியையும் தசரதனால் சும்மா கடந்து போக முடியாது. நம்பர் பிளேட்டில் ஓர் எழுத்தின் மூலை லேசாகத் தூக்கியிருந்தால் போதும், நின்றுவிடுவார். இடது கையில் டீ கிளாஸ் இருக்கும். வலது கட்டைவிரலால் அந்த மூலையை அழுத்தி, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகுதான் நகர்வார். ஒருமுறை யாரோ அதிகாரியின் ஜீப்பைத் தொட்டுவிட்டு ஓட்டுநரிடம் திட்டு வாங்கினார். "திட்டட்டும் தம்பி. மூலை தூக்குனா தூசி பூரும். தூசி பூந்துச்சின்னா முடிஞ்சிது கத" என்றார்.

போளூர் சாலையில் ஒற்றை ஷட்டர் அகலத்துக்கு அவருடைய ஸ்டிக்கர் கடை. ஊரில் ஓடும் ஆட்டோக்களின் முதுகில் இருக்கும் ‘அண்ணாமலையார் துணை’களில் பாதி அங்கே வெட்டியவை. மெஷின் வெட்டித் தரும் எழுத்தைச் சுற்றியிருக்கும் வேண்டாத தாளைக் கத்தி முனையால் உரித்தெடுப்பார். கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, எழுத்தை ஒட்டி, பிளாஸ்டிக் அட்டையால் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளுவார். ஒரு குமிழி நிற்காது. உரித்துப் போட்ட துண்டுகளில் ஏதாவது ஒன்று எப்போதும் அவர் முழங்கையில் ஒட்டியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ‘ணை’யோடு கோயிலுக்கே போய்விட்டு வந்தார்.

ஊரில் ஒரே ஒரு ஆட்டோவைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது அருணகிரியுடையது. அதில் ‘துணை’ ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். தசரதனின் கை நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒட்டியது. காசு வேண்டாம், மாற்றித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். அருணகிரி விடுவதில்லை. "இருக்கட்டும்பா. ஸ்டாண்டுல அத்தினி வண்டி நிக்கிது, சாஞ்ச துணை எதுன்னு கேட்டுத்தான் சவாரி எங்கிட்ட வருது."

கடைக்கு நேர் மேலே, மாடியில் நான் டியூஷன் எடுக்கிறேன். மாலை ஆறு மணிக்கு ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்கும். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்குப் பிறகு அவர் போன இடம் ஒயின்ஷாப். அதை அவர் யாரிடமும் மறைப்பதில்லை. "குடிய வுட்டு ஒரு தீபம் தாண்டிடுச்சி தம்பி. ஆனா ஆறு மணியாச்சின்னா கை தானா எங்கியோ போவப் பாக்குது. அதுக்கு எதுனா வேல குடுக்கணும்."

அவர் கொடுத்த வேலை தூண்டில். ஷட்டரை இறக்கிவிட்டு, தூண்டில் ராடை மொபெட்டில் கட்டிக்கொண்டு, ஊருக்கு மேற்கே இருக்கும் ஏரிக்குப் போய்விடுவார். விராலுக்கு ரப்பர் தவளை போடுவார். அல்லி இலைகளுக்கு அப்பால் தவளையை வீசி, வெட்டி வெட்டி இழுக்க வேண்டும். விரால் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே வந்து, தண்ணீர் வெடிப்பதுபோல் கவ்வும். இருட்டத் தொடங்கும் நேரத்தில் தவளை அதன் கண்ணுக்குத் தெரியுமா என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. ஸ்டிக்கர்காரருக்கு வராமல் என்ன செய்யும்?

முதலில் ஆட்டோவின் பின்புறம் ஒட்டுகிற சிவப்பு ரேடியத்தைத் தவளைக்கு ஒட்டினார். கடை வாசலில் வண்டி வெளிச்சம் பட்டபோது தவளை தணலாக ஜொலித்தது. ஏரிக்குள் போனதும் ஒன்றுமே இல்லை. நான் இயற்பியல் படித்தவன். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, மேலே விழுவதைத் திருப்பி அனுப்ப மட்டும்தான் தெரியும் என்றேன். தசரதன் தவளையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப ஏரிக்குள்ள ஆட்டோ வரணுமா?"

பிறகு ஒரு லாட்ஜில் இருந்து வேலை வந்தது. கரண்ட் போனாலும் படிக்கட்டில் வழி தெரிவதற்காக அம்புக்குறிகள் வெட்டித் தர வேண்டும். வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் பச்சையாக ஒளிரும் தாள் அது. மிச்சமான துண்டில் ஒரு வட்டம் வெட்டி, தவளையின் வயிற்றில் ஒட்டினார். டியூப்லைட்டுக்குக் கீழே கொஞ்ச நேரம் காட்டினால் வயிறு நெடுநேரம் பச்சையாக இருந்தது. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட பையனைப்போல அன்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

ஏரிக்கரையில் அதைப் பார்த்த கோதண்டராமன் சும்மா விடவில்லை. அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மூங்கில் கழி, மண்புழு தவிர எதையும் நம்பாதவர்.

"இன்னாடா தசரதா, மீனுக்கு சீரியல் செட் போட்டு உட்டுருக்க? அப்பிடியே மைக் செட்டும் கட்டிடேன்."

"கிண்டல் பண்ணாத நைனா."

"மலை மேல தீபம் பாக்க ஜனம் வர்ற மாரி, ஒன் தவளையப் பாக்க மீனு வரும்னு நெனச்சிக்கினியா?"

"வரும் நைனா. ஒன்னு வந்துட்டா போதும். அது போயி மத்ததுக்குச் சொல்லும்."

வெறும் பேச்சில் தீராது என்று தோன்றியதால் நான் ஒரு வழி சொன்னேன். ஒரே நிறத்தில் இரண்டு தவளை. ஒன்றுக்கு மட்டும் பச்சை வயிறு. ஒரே இடம், ஒரே நேரம், மாற்றி மாற்றி வீச வேண்டும். தசரதன் அதை ஒரு பூஜையைப்போலச் செய்தார். அப்போது கோடை. ஏரித் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. சாதாரணத் தவளைக்கு விரால் வந்தது. பச்சை வயிற்றைக் கண்டால் விலகிப் போவதுபோல்கூட இருந்தது. சில வாரங்களுக்குப் பிறகு அவர் ராடைக் கடையின் ஆணியில் மாட்டிவிட்டார்.

"அவ்ளோதான் தம்பி. ஏரிக்கு இனிமே இன்னாத்துக்கு?"

சோதனையை ஒழுங்காக நடத்திக் கொடுத்தோம் என்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அடுத்த நாள் ஆறு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கும் சத்தம் கேட்டது. மீதிச் சத்தம் வரவில்லை. பிறகு மேலே ஏறியது. மறுபடி பாதி இறங்கியது. மாடியில் நின்று எட்டிப் பார்த்தேன். தசரதன் ஷட்டரைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை எங்கே போவது என்று கேட்டுக்கொண்டிருந்தது. என் திருப்தி அந்த இடத்திலேயே கரைந்தது.

மறுநாள் ஐந்தரைக்கு அவர் மனைவி பாஞ்சாலை மாடியேறி வந்தார். செங்கம் சாலையில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை. வெள்ளைக்காரர்களுக்குக் காரம் கம்மியாகச் சமைத்துச் சமைத்து வீட்டுக் குழம்பே சப்பென்று ஆகிவிட்டது என்று தசரதன் புலம்புவார். பாஞ்சாலை அக்கா வாசலிலேயே நின்றார்.

"தம்பி, அந்தத் தவள வேலைக்கி ஆவாதுன்னு முடிவாயிடுச்சா?"

"இதுவரைக்கும் அப்படித்தான் தெரியுதுக்கா."

"அந்த ‘இதுவரைக்கும்’ங்கறத மட்டும் அவுருகிட்ட வந்து சொல்லேன்."

இல்லாத நம்பிக்கையைக் கொடுக்கச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். அக்கா அதை என் முகத்தில் படித்துவிட்டார்.

"பொய்யின்னா வேணாம்பா. ஆனா இன்னும் பாக்க எதுனா பாக்கி இருக்கும் இல்ல? படிச்சவங்களுக்குத்தான் எதுனா ஒன்னு பாக்கி இருந்துக்கினே இருக்குமே."

என் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் படிப்பை நம்பி ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. யோசித்தபோது உண்மையாகவே ஒன்று பாக்கி இருந்தது. நாங்கள் பார்த்ததெல்லாம் தெளிந்த தண்ணீரில். முந்தின நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது. ஓடைத் தண்ணீர் செம்மண்ணோடு ஏரிக்குள் இறங்கியிருக்கும். அந்தக் கலங்கலில் சாதாரணத் தவளை இருப்பதே மீனுக்குத் தெரியாமல் போகலாம். கீழே போய்ச் சொன்னேன்.

தசரதன் என்னையும், எனக்குப் பின்னால் நின்ற பாஞ்சாலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இவ சொல்லச் சொன்னாளா?"

"அக்கா கேட்டாங்க. ஆனா நான் சொல்றது நெஜம்ணா. கலங்கல்ல நாம பாக்கவே இல்ல."

"அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்று ராடை ஆணியிலிருந்து எடுத்தார்.

அன்று நானும் கூடப் போனேன். ஏரி டீத் தண்ணீரின் நிறத்தில் இருந்தது. சாதாரணத் தவளை சும்மா போய்ச் சும்மா வந்தது. பச்சை வயிறு நாலைந்து முறை போனபின், அல்லி இலைகளுக்கு நடுவே தண்ணீர் வெடித்தது. முழங்கை நீள விரால். தசரதன் அதைக் கோதண்டராமனிடம் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது. கோதண்டராமன் அசையவில்லை.

"ஒன்னு வந்தா ஆச்சா? அது கண்ணு தெரியாத மீனா இருக்கும்."

"கண்ணு தெரியாததுக்கே தெரிஞ்சிதுன்னா பாத்துக்க நைனா!"

மறுநாள் இரண்டு தவளைக்கும் ஒன்றும் வரவில்லை. அதற்கு மறுநாள் சாதாரணத் தவளைக்கு ஒன்று வந்தது. பச்சைத் தவளை மீனை ஜாஸ்தியாகப் பிடிக்கிறதா என்று இன்று கேட்டால், கலங்கலில் கொஞ்சம் உதவுகிறது, தெளிந்த தண்ணீரில் உதவவில்லை என்று தோன்றுகிறது என்பேன். தோன்றுகிறது என்பதற்கு மேல் போக மாட்டேன். போவதற்குப் பாஞ்சாலை அக்காவும் விடுவதில்லை. "வயித்துல இருக்கறத காலுக்கு மாத்திப் பாத்தீங்களா?" என்கிறார். மேகம் மூடிய நாளில் எப்படி என்கிறார். ஏரியில் பாசி ஏறியதும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டாமா என்கிறார். இத்தனைக்கும் அவருக்கு விரால் பிடிக்காது. மீன் குழம்பு வைத்த அன்று தயிர் ஊற்றிச் சாப்பிடுகிறார்.

நேற்றும் ஆறு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினேன். தசரதன் ராடை மொபெட்டில் கட்டிக்கொண்டிருந்தார். முழங்கையில் பாதி ‘ழ’ ஒட்டியிருந்தது. உள்ளே பாஞ்சாலை அக்கா ஸ்டூல்மேல் ஏறி நின்று, தவளையை டியூப்லைட்டுக்கு அருகில் பிடித்து, அப்பளம் சுடுவதுபோல் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"போதும் குடு, இருட்டப் போவுது" என்றார் தசரதன்.

அக்கா இறங்கினார். தவளையை இரண்டு கைக்குள் மூடி, விரலிடுக்கில் ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்த்தார். கொடுப்பதற்காகக் கையை நீட்டியவர், "இருங்க" என்று திரும்ப இழுத்துக்கொண்டார். பச்சை வட்டத்தின் ஓரம் ஓரிடத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தி, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகுதான் கொடுத்தார்.