அலுத் என்றால் புதுசு

குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு இரும்புக் கொக்கி தொங்குகிறது. போன மழைக்கு முதல் வீடு கூட்டும்போது சின்னவள் அதைப் பார்த்துவிட்டு, "வாப்பா, இது சுறா பிடிக்கிற தூண்டிலா?" என்று கேட்டாள். கடற்கரைப் பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். அது மீனுக்கு இல்லை மகள், மூட்டைக்கு. உள்ளங்கைக்குள் அடங்குகிற மரப்பிடி, அதிலிருந்து வளைந்து வருகிற இரும்பு, ஊசி போல நுனி. சணல் சாக்கின் மூலையில் கொளுவி ஒரு இழுப்பு இழுத்தால் மூட்டை முதுகுக்கு வந்துவிடும். பிடியில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஒரு பேர் எழுதியிருக்கிறது. கை பட்டுப் பட்டு இப்போது இரண்டு எழுத்துதான் மிச்சம். அது உங்கள் மாமாவின் பேர். உங்கள் உம்மாவுக்கு நானா, எனக்கு மச்சான். மதுரங்குளிச் சந்தியில் ஒரு பக்கமாகச் சரிந்து நடந்து கடலை விற்றவராகத்தான் உங்களுக்கு அவரைத் தெரியும். அவர் எப்போதும் அப்படி நடந்தவர் இல்லை. மூத்தவன் போன கிழமை கொண்டு வந்த ஒரு கதையால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து கொழும்பு ரோட்டில் லொறிகள் கூடிய காலத்தில், மதுரங்குளியைத் தாண்டி ஒரு பெரிய ஸ்டோர் கட்டினார்கள். தகரக் கூரை, உள்ளே புண்ணாக்கும் கோழித்தீனும் சீனியும். வெயில் ஏறினால் புண்ணாக்கு வாடையும் தகரச் சூடும் சேர்ந்து தலையைச் சுற்ற வைக்கும். மாமாவும் நானும் அங்கே அரைநாள் ஆட்கள். காலை லொறிக்கு ஒரு கூட்டம், பின்னேர லொறிக்கு வேறொரு கூட்டம். ஒருவருக்கே முழுநாள் வேலை தந்தால் அவர் முழு ஆளாகிவிடுவார், பிறகு முழு ஆளுக்குரியதை எல்லாம் கேட்பார் என்ற பயம். அரைநாள் கூலியில் பஸ்ஸுக்கும் பாணுக்கும் போக மிஞ்சியதை வீட்டில் கொடுக்கும்போது உங்கள் உம்மாவின் முகத்தைப் பார்க்காமல்தான் கொடுப்பேன். அதனால் அங்கே யாரும் நிலைத்து நின்றதில்லை. மாம்புரியிலிருந்து வந்தவர்கள் கடல் அடங்கியதும் போய்விடுவார்கள், இல்லாவிட்டால் வெங்காயம் கிண்டுகிற காலம் வந்ததும் போய்விடுவார்கள். எலுவன்குளத்து ஆட்கள் குளத்தில் தண்ணீர் நிற்கிற சேதி கேட்டால் அடுத்த பஸ்ஸில் ஊருக்குத்தான். மத்தியானம் தேத்தண்ணி குடிக்கப் போய் அப்படியே வராமல் விட்டவர்களும் உண்டு. ஒருவர் கழற்றி வைத்த செருப்பைக்கூட எடுக்க வரவில்லை. அந்தச் செருப்பு வாசலில் கன நாள் கிடந்தது.

இப்படி ஆள் மாறிக்கொண்டே இருந்தால் யார் யாருடைய பேரைப் பாடமாக்குவது? எங்களுக்கு மேலே இருந்து வேலை வாங்கியவரை நாங்கள் மாத்தயா என்போம். சிலாபம் பக்கத்து மனுசன், நாலைந்து தமிழ்ச் சொல் தெரியும், மற்றதெல்லாம் சிங்களம். கெட்டவர் இல்லை. சாப்பாடு கொண்டு வராத ஆளைக் கண்டால் தன்னுடைய சோற்றுப் பார்சலில் பாதியைத் தள்ளிவிடுவார். ஆனால் எவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோரும் அவருக்கு "அலுத் எக்கா". சிங்களத்தில் அலுத் என்றால் புதுசு. அலுத் எக்கா, புதியவன். காலையில் வந்தவனும் அலுத் எக்கா, வருடக்கணக்காக வந்து போகிற மாமாவும் அலுத் எக்கா. மாமாவுக்கு அந்தச் சொல் ஒரு பகிடியாகிப் போனது. ஒரு நாள் தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"மாத்தயா சிங்களத்தில சொல்றாரு நான் புதுசாம். என்ட காதுக்குத் தமிழில விளங்குது நான் அலுத்தவனாம். ரெண்டும் சரிதானே மச்சான்? புதுசா வந்து வந்தே அலுத்துப் போனவன்."

எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து எங்களுக்குள்ளும் அதுவே பேராகிவிட்டது. "அலுத்து, அந்தப் பக்கம் பிடி", "அலுத்து, வெத்திலை இருக்கா?" மாமா சிரித்தாலும் அதில் ஒரு முள் இருந்ததை நான் அறிவேன். யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கடலால் வந்து இறங்கியவர்கள் நாங்கள். இந்த மண்ணில் பிள்ளை பெற்று, மௌத்தானவர்களை இங்கேயே அடக்கிய பிறகும், எங்களைப் பற்றிக் கதை வந்தால் "வந்த ஆக்கள்" என்றுதான் சொல்வார்கள். வெளியிலும் புதுசு, ஸ்டோருக்குள்ளும் புதுசு.

ஸ்டோரில் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு ஆள் சேர்ந்தாற்போல் சில மாதம் நின்றால் அவரை நிரந்தரமாக்க வேண்டும். அந்தக் காலம் வந்து முட்டுகிற நேரம் பார்த்து, "நாளைக்கு வர வேணாம்" என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு மூன்று கிழமை உப்பளத்திலோ தென்னந்தோட்டத்திலோ திரிந்துவிட்டு வந்தால் திரும்ப எடுப்பார்கள், புதிய ஆளாக. மற்றவர்கள் அதோடு வெறுத்துப் போய்விடுவார்கள். மாமா மட்டும் ஒவ்வொரு முறையும் கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். ஸ்டோர் எங்களுக்குக் கொக்கி தராது. கையால் சாக்கை இழுத்து நகம் பிய்ந்தவர்கள் நடுவே, புத்தளத்துக் கொல்லன் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்த சொந்தக் கொக்கியோடு வேலை செய்தவர் அவர். பேரை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். "அங்க என்ட பேர் தெரிஞ்ச ஒண்டாவது இருக்கட்டும்" என்றார்.

அவர் ஏன் அப்படிப் பிடிவாதமாக நின்றார் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். உங்கள் மாமி அப்போது குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். போகும்போது இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பேச்சு. மாமாவுக்கு நிரந்தர வேலை கிடைக்கிற நாளில் மாமி திரும்பி வந்துவிடுவார், பிறகு போகவே மாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் போன் வரும். நலம் விசாரித்த பிறகு மாமி கேட்பது ஒன்றுதான்: "பேர் பதிஞ்சிட்டாங்களா?" மாமா, "இன்ஷா அல்லாஹ், இந்த முறை" என்பார்.

அந்த வருடம் வழமையாக நிறுத்துகிற கிழமை வந்தது. மாமாவை நிறுத்தவில்லை. அடுத்த கிழமையும் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு மாதம் போனது. மாமா பயந்து பயந்து மாத்தயாவிடம் போய்க் கேட்டார். "பலமு, பலமு" என்றாராம் மாத்தயா, பார்ப்போம் பார்ப்போம் என்று. நான் அதைப் பார்ப்போம் என்றுதான் எடுத்தேன். மாமா அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார். எத்தனையோ முறை இல்லை என்றே கேட்ட காதுக்கு, இல்லை என்று சொல்லாததே ஓம்தான். அந்த வெள்ளிக்கிழமை போனில், "டிக்கட்டுக்குக் கேளுங்க" என்று மாமியிடம் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் மாமி அழுவது எங்களுக்கும் கேட்டது. உங்கள் உம்மா ரவைக் கேசரி கிண்டினாள்.

ஸ்டோரில் அவருடைய நடையே மாறியது. "பெர்மனன்ட் மாமா வாறாரு, கதிரை போடுங்கடா!" என்று பொடியன்மார் நையாண்டி பண்ணுவார்கள். அவரும் விட மாட்டார். "இனி இங்க ஆராவது அலுத் எண்டு கூப்பிட்டா, அது நான் இல்ல. காதைக் கழுவிட்டுக் கேளுங்க" என்பார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சொல்லச் சொல்ல அவரே அதை நம்பிவிட்டார்.

அப்படி இருக்கும்போது ஒரு காலையில் எலுவன்குளத்திலிருந்து ஒருவர் புதிதாக வேலைக்கு வந்திருந்தார். வயல் காய்ந்து போன மனுசன், வந்த நேரத்திலிருந்து எங்கே நிற்பது என்று தெரியாமல் லொறி வாசலில் நின்றார். முந்தின நாள் மழைக்குக் கூரை ஒழுகி, புண்ணாக்கு அட்டியின் அடி மூட்டைகள் ஊறியிருந்தன. ரோட்டில் லொறிகள் காத்து நின்றதால், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய அந்த அட்டியை இன்னும் உயர்த்தச் சொன்னார்கள். மாமா அதன் அடியில் நின்று கொக்கியால் ஒரு மூட்டையை நேராக்கிக்கொண்டிருந்தார். நான் அட்டியின் மற்றப் பக்கத் தொங்கலில். மாத்தயாவின் சத்தம் தகரத்தில் பட்டு எதிரொலித்தது: "அலுத் எக்கா! அயின் வெயங்!" விலகு என்று. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். மாமாவும் நிமிர்ந்தார். அவர் மேலே பார்க்கவில்லை. லொறி வாசலில் நின்ற அந்த மனுசனைப் பார்த்தார். சிரித்த முகத்தோடு கையை ஆட்டி, "உங்களைத்தான் சொல்றாரு, தள்ளி நில்லுங்க!" என்றார். அந்த மனுசன் ஒரு ஆபத்தும் இல்லாத இடத்திலிருந்து இன்னும் பின்னால் நகர்ந்தார். அட்டி மாமாவின் மேல் சரிந்தது.

மூட்டைகளை எப்படி அகற்றினோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நினைவிருப்பது ஆஸ்பத்திரிதான். லொறியில் ஏற்றிப் புத்தளத்துக்குக் கொண்டுபோனோம். எலுவன்குளத்து மனுசனும் கூடவே ஏறி மாமாவின் காலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் ஸ்ட்ரெச்சருக்கு ஓடிய நேரம், நோயாளியின் பேர் என்ன என்று தாதி அவரிடம் கேட்டிருக்கிறார். "அலுத்து எண்டு கூப்பிட்டாங்க அம்மா. அதுக்கு மேல தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார், நான் திரும்பி வந்தபோது. நான்தான் பேரைச் சொன்னேன். இவ்வளவு காலமும் ஸ்டோரில் நானே அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பின்னேரம் மாத்தயா வந்தார். கையில் ஒரு பாணும் இரண்டு தோடம்பழமும். இடுப்பு உடைந்து, மருந்து மயக்கத்தில் கண்ணை மூடிக் கிடந்த மாமாவின் தலைமாட்டில் நின்று, தெரிந்த தமிழில் சொன்னார்: "நான் இவருக்குத்தான் சத்தம் போட்டது. ஏன் இவர் போகல்ல? இவருக்குத்தான் சொன்னது." இரண்டு மூன்று தரம் அதையே சொன்னார். மாத்தயாவின் கண் கலங்கித்தான் இருந்தது. மாமா கண் திறக்காமல், "அப்ப அது நான்தானா" என்றார்.

பிறகு மாத்தயாவிடம் கேட்டேன், இந்த முறை ஏன் மாமாவை நிறுத்தாமல் விட்டீர்கள் என்று. யாரும் விடவில்லையாம். ஸ்டோர்க் கந்தோரில் கணக்கு எழுதி, ஆட்களை நிறுத்தச் சொல்லி ஞாபகப்படுத்துகிற பிள்ளை சம்பளம் போதாமல் வேறு இடத்துக்குப் போய்விட்டதாம். அந்தக் கதிரையில் புதிதாக வந்த பிள்ளைக்கு அந்தப் பழக்கம் தெரியாது. அவ்வளவுதான். நாங்கள் நஷ்டஈடு கேட்டுப் போனபோது ஸ்டோர்க்காரர்கள் சொன்னதும் சுருக்கம்தான்: அவர் எங்களுடைய ஆள் இல்லை, வந்து போகிற அரைநாள் ஆள். சட்டம் தெரிந்தவர்களைப் பிடித்து வழக்காட எங்களிடம் என்ன இருந்தது? இரண்டு மூன்று தரம் வாசலில் நின்றோம். காவல்காரர்கூட ஒவ்வொரு முறையும் வேறு ஆள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

மாமி டிக்கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயே இன்னொரு தவணைக்குக் கையெழுத்து வைத்தார், பிறகு இன்னொன்றுக்கும். மாமா சந்தியில் கடலை விற்றார். பஸ்ஸில் போகிற பழைய ஆட்கள் யாராவது "அலுத்து!" என்று கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்ப்பார். அதற்குப் பிறகு ஒரு தடவையும் பிழைவிட்டதில்லை. அவர் மௌத்தான அன்று மாமிக்குப் போன் பண்ணினோம். ஜனாஸாவை வைத்திருக்க முடியாது, அவரால் வரவும் முடியாது. போனைப் பள்ளி மதிலோரம் பிடித்துக்கொண்டு, இப்போது தூக்குகிறார்கள், இப்போது தொழுகிறார்கள் என்று நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி மூத்தவனின் கதை. போன கிழமை அதே ரோட்டில் வேறொரு ஸ்டோருக்குப் போய்விட்டு வந்தான். அரைநாள் வேலையாம். வேலை இருந்தால் போனில் சொல்வார்களாம், இல்லாவிட்டால் இல்லையாம். இப்போது கொக்கியெல்லாம் இல்லை, தள்ளுவண்டிதானாம். சோறு தின்றுகொண்டே சிரித்துச் சொன்னான்: "வாப்பா, அங்க எல்லாரையும் அலுத் எண்டுதான் கூப்பிடுறாங்க." உங்கள் உம்மா கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். ஏன் போனாள் என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

போகாதே என்று சொல்ல எனக்கு வழியில்லை மகன். வீட்டு நிலைமை உனக்கும் தெரியும். நேற்று அந்தக் கொக்கியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். அது ஆணியிலேயே இருக்கட்டும். அந்த இரண்டு எழுத்தும் இன்னும் தேய வேண்டாம். நீ கொண்டுபோக வேண்டியது ஒன்றுதான். எத்தனை வருடம் நின்றாலும், யார் என்ன நம்பிக்கை தந்தாலும், உன்னைவிடப் புதியவன் பக்கத்திலேயே நின்றாலும், அந்தச் சொல் காதில் விழுந்தால் யாரை என்று திரும்பிப் பார்க்காதே. விலகு. அது உனக்குத்தான்.